நியூட்ரலில் இறங்கிய அம்பாசிடர்

தொண்ணூற்று ஐந்து, தை மாதம். மதியம் இரண்டு மணிக்குக் கோத்தகிரியை விட்டுக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் முப்பத்து மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து காரமடை இன்னும் எட்டு. வண்டியில் நான், என் மகன் பழனிச்சாமி, மருமகள் சரசு.

சரசுவின் தம்பிக்கு மறுநாள் கல்யாணம். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் சேலை முனையைப் பிடித்து நிற்கிற சீர் அது. அது முடியாமல் எங்கள் பக்கம் தாலி கட்ட மாட்டார்கள். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான்.

இறக்கம் வந்ததும் பழனிச்சாமி என்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டான். மலையே இறக்கிவிடும்போது பெட்ரோல் எதற்கு என்பது எங்கள் குடும்பத்து ஆண்களின் ஞானம். ஆனால் அந்தச் சுகத்தையும் சொல்ல வேண்டும். சத்தமே இல்லை. தேயிலைச் சரிவுகள் பனிக்குள் போயின, வந்தன. வண்டி உருள்கிறதா, மலைதான் மெல்ல மேலே ஏறுகிறதா என்று தெரியவில்லை. செத்தால் இப்படித்தான் போவோம்போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்திருக்கக் கூடாது.

குஞ்சப்பனையை நெருங்கும்போது தீய்ந்த வாசம் வந்தது. எந்தத் தோட்டத்திலோ சருகு எரிக்கிறார்கள் என்றிருந்தேன். அடுத்த வளைவில் மகனுடைய கால், பிரேக் பெடலோடு தரைக்குப் போய்விட்டது. சாவியைத் திருகி, இரண்டாவது கியரை அவன் திணித்ததில் என் பல்செட்டு ஆடியது. ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, மலையோரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினான்.

சக்கரங்களில் புகை. அவன் டிக்கியிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். சரசு பட்டுச்சேலையோடு குறுக்கே நின்றாள். அவள் அப்பா காரமடையில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்.

"ஊத்தாதீங்க. கொதிக்கற பிரேக் டிரம்முல தண்ணி பட்டா விரிசல் உட்டுப்போடும்."

"சீருக்கு நேரமாகுது அம்மணி."

"எனக்குத் தெரியாதுங்களா? ஆறட்டும். பெடலு மேல வந்தாத்தான் நகரோணும்."

குனிந்து நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் பார்த்தாள். எங்கும் ஈரமில்லை. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தாள். குறையவில்லை. ஒழுக்கில்லை, கியர் பிடிக்காத வண்டியை வளைவுக்கு வளைவு மிதித்தே வந்ததில் ஆயில் சூடேறிக் கொதித்திருக்கிறது, குழாயில் ஆவி நின்றால் பெடல் பஞ்சாகிவிடும் என்றாள். பிறகு கல்லில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தாள். வெயில் கீழே ஒவ்வொரு ஊராக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கை மட்டும் சேலை முனையை முறுக்கிக்கொண்டே இருந்தது. நான் கேலி பேசவில்லை. என்னால் முடிந்த பெரிய உதவி அது.

நாலரைக்குப் பெடல் மேலே வந்தது. என்ஜினை ஓடவிட்டு, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தோம்.

மேட்டுப்பாளையத்தில், நேரே போய்விடலாம் என்று கெஞ்சியவனைச் சரசு ஒர்க் ஷாப் பக்கம் திருப்பினாள். மெக்கானிக்கின் கையாள் ஊருக்குப் போயிருந்தான். பழைய ஆயிலையும் குழாயில் நின்ற காற்றையும் வெளியேற்றப் பெடல் மிதிக்க ஆள் வேண்டும். மகன் புது ஆயில் வாங்க ஓடினான், மருமகள் டப்பாவில் ஊற்ற நின்றாள். நானே டிரைவர் சீட்டில் ஏறினேன்.

"மிதிங்கம்மா. புடிங்க. இப்ப உடுங்க."

வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் சொல்லச் சொல்ல மிதித்தேன். சுக்குக்காப்பி நிறத்தில் பழைய ஆயில் குமிழியோடு வந்தது. நான்கு சக்கரமும் முடிந்தபோது பெடல் என் காலுக்கே கல்லாக நின்றது.

காரமடை மண்டபத்தில் ஏழு மணி. பெரியப்பா மகளை நிற்கவைத்துச் சீரை முடித்துவிடலாம் என்று ஆறரைக்கே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கைகட்டி உட்கார்ந்துவிட்டானாம்.

எங்கள் வண்டியைக் கண்டதும் பட்டுவேட்டியோடு வாசலுக்கு வந்தான். நேரே சக்கரத்தருகே குந்தி முகர்ந்தான்.

"நியூட்ரல்லயா வந்தீங்க மச்சான்?"

என் மகன் மண்டபத்து லைட்டையெல்லாம் எண்ணத் தொடங்கினான். சரசு சிரித்தாள், அதோடு அழுகையும் வந்துவிட்டது. தம்பி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். சீருக்கு நின்றபோது, கழுவியும் போகாத ஆயில் கறுப்பு அவள் விரலிலிருந்து கூறைச்சேலை முனையில் ஒட்டியது. ஒருவரும் அதைத் துடைக்கவில்லை.