இசைத்தட்டில் இருந்த பெயர்

டீக்கடைக்குள் நுழைந்ததும் சார்லஸ் டீ கேட்பதில்லை. நேராக அலமாரிக்குப் போய் ரேடியோவின் குமிழைத் திருப்புவார்.

"மாமா, கைய வச்சாச்சா?" என்பார் கடைக்காரர் ராஜ்கமல்.

"பேஸ் ஜாஸ்தி மாப்ள. பாடுறவன் கெணத்துல வுழுந்த மாதிரி இருக்கு."

"வுழுந்தா வுழட்டும். நீ டீயக் குடி."

சார்லஸுக்கு அறுபத்திரண்டு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தில் கவர்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறார். பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் என்று மூன்று சாக்குகள். கவரைத் தடவிப் பார்த்தே கல்யாணப் பத்திரிகை எது, வக்கீல் நோட்டீஸ் எது என்று சொல்லிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். கேட்டால், "ஒக்காந்தா எதிர்ல ஆளு வேணும்" என்பார்.

இதே ஆள் 1973இல் டிரம்ஸ் வாசித்தார். நண்பர்கள் நால்வர் சென்னைக்குப் போய்ச் சொந்தச் செலவில் ஒரு சிறிய இசைத்தட்டுப் போட்டார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பாணியில் இவர்களே கட்டிய ஆங்கிலப் பாட்டு. முந்நூறு தட்டுகள். விற்றது போக மிச்சமெல்லாம், சார்லஸ் வீட்டுக்குக் கொண்டுபோன ஒன்றைத் தவிர, ஒரு புயல் மழையில் ஊறிப்போயின. மற்ற மூவரும் இப்போது உயிரோடு இல்லை.

போன வருடம் லண்டனில் பழைய தட்டுகள் சேகரிக்கும் ஒருவருக்கு ஒன்று கிடைத்தது. இணையத்தில் போட்டார். லட்சக்கணக்கான பேர் கேட்டார்கள். பாடிய பெண் யார் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. தட்டில் 'செலின், கடலூர்' என்று மட்டும் இருந்தது. யாரோ தேடிக்கொண்டு மாதாகோயில் பதிவேடு வரை வந்துவிட்டார்கள். அதில் சார்லஸின் தங்கை செலின் இருந்தாள். 1961இல், எட்டு வயதில் இறந்தவள். அதன்பின் அது பேய் பாடிய பாட்டு ஆகிவிட்டது.

"பேயி எங்கனா மூச்சு வாங்குமா?" என்று என்னிடம் கேட்டார் சார்லஸ். "ரெண்டாவது அடி முடியறப்ப கேளு. ஓடியாந்து பஸ்ஸுல ஏறுனவ மாதிரி வாங்கறா."

அப்படி மூச்சு வாங்கியவர் என் அம்மா, ஞானாம்பாள். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது, சுற்றுலா என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பாடியிருக்கிறார். பெயர் வெளியே தெரிந்தால் தாத்தா படிப்பை நிறுத்திவிடுவார். பாடகி பெயர் என்ன என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் படிவத்தை நீட்டியபோது, சார்லஸ் தன் தங்கையின் பெயரை எழுதினார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கை முப்பத்தெட்டு வருடம் காப்பாற்றினார். வீட்டில் அம்மா ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை.

பேய்ப் பாட்டு பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் வந்ததை, பொழுதுபோகட்டும் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "கடலூர்ல சார்லஸ்னு ஒருத்தரு இருப்பாரு. இனிமே எம் பேரயே போட்டுக்கச் சொல்லு."

அதைச் சொல்லத்தான் சார்லஸின் கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். அம்மா போய்விட்ட செய்தியே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சிதம்பரம் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர், அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

லண்டன்காரர் அந்தப் பாட்டை மீண்டும் வெளியிடப் போகிறார். பதிவேட்டின் வழியே முகவரியைப் பிடித்து, பாடகியின் உண்மைப் பெயர் கேட்டு அவர் அனுப்பிய படிவம், ஆறு மாதமாக சார்லஸின் மேசை இழுப்பறையில் கிடந்தது.

"உங்க அம்மாவுக்கு வாக்கு குடுத்தேன், சரி. அது மட்டும் இல்லம்மா." தட்டை வெளியே எடுத்தார். "செலினுக்கு போட்டோ கெடையாது. கல்லறையில மரச் சிலுவ, அதுவும் மக்கிப்போச்சி. எங்க அம்மா சாவுற வரைக்கும் இந்தத் தட்டத்தான் வச்சிக்கினு இருந்துச்சி. படிக்கத் தெரியாது. பேரு எங்க இருக்குன்னு கேட்டுக் கேட்டு வெரல வக்கும்."

"அப்ப ரெண்டு பேரயும் போட்டுடுங்களேன் அங்கிள்."

"பாடாத புள்ள பேர எப்பிடிப் போடறது? பேய்னு எழுதிட்டானுங்க. இன்னமும் அவள அலைய வுடணுமா?"

படிவத்தை எடுத்து அம்மாவின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினார். பேனா நின்று நின்று போனது. உறையில் போட்டு ஒட்டினார். எடை பார்த்தார். கூரியர் ரசீதில் பெறுநர் இடத்தில் லண்டன் முகவரியை எழுதினார். அனுப்புநர் இடத்தில் 'செலின், மஞ்சக்குப்பம், கடலூர்' என்று அழுத்தி எழுதிவிட்டு, கார்பனைத் தூக்கி, தன்னிடம் தங்கும் அடித்தாளிலும் பெயர் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.