மீன் கடையில் கேட்ட சிக்னல்

மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பி வழியும்போது விலாங்குகள் அடையாற்றில் இறங்கி, முகத்துவாரம் கடந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். அந்தப் பயணத்தைக் கண்காணிப்பது என் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஏரியில் ஒரு விலாங்குக்கு டிரான்ஸ்மிட்டர் பொருத்தி விட்டிருந்தேன்.

ஒரு காலை அதன் சிக்னல் இருங்காட்டுக்கோட்டை மீன் கடையிலிருந்து வந்தது. உள்ளே போனேன். தொட்டியில் விலாங்கு உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண் அதை வெட்டித் தரச் சொல்லிக் காத்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு ரொம்ப நாளா கேட்டுகினு கீது மேடம்," என்றார் கடைக்காரர்.

"ஊர்ல அப்பாவுக்கு மூலம். விலாங்கு நல்லதுன்னாக," என்றாள் அவள்.

நான் விவரம் சொன்னேன்.

"முட்டை போடவா போகுது?"

"ஆமா."

கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "வெட்டாதீங்கண்ணே. இவங்ககிட்டயே குடுத்துருங்க." என் நம்பரை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

விலாங்கை ஆற்றில் விட்டேன். முகத்துவாரத்தில் சிக்னல் பிடிக்க வைத்திருந்த கருவியில் அது பதிவாகவே இல்லை.

தை மாதம் போன் செய்தாள். "கடலுக்குப் போயிருச்சா மேடம்?"

"தெரியலம்மா. அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் இருக்காக. அது போயிருக்கும் மேடம்."

அறிக்கையில் 'தகவல் இல்லை' என்றுதான் எழுதினேன். முன்பெல்லாம் சிக்னல் வராத மீனைச் செத்ததாகவே நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.