மூன்று முறை நட்டும் பிடிக்காத பள்ளம்

வனத்துறை அலுவலகத்தில் அவரை எல்லோரும் டேப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தீவின் மலைக்காட்டில் இருபத்தாறு வருடமாக மரம் அளப்பது அவர் வேலை. மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றி, அளவை நோட்டில் குறித்துக்கொண்டு, பட்டையில் மஞ்சள் பெயின்ட்டால் ஓர் எண் போடுவார். பத்தடி போனதும் திரும்பி வந்து அதே மரத்தை மறுபடி அளப்பார். தன் கையையே நம்பாத மனிதர். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார்.

"கல்யாண போட்டோ வந்தப்ப அதைத் திருப்பி, பின்னாடி வேற யார் பேராவது எழுதியிருக்கான்னு பாத்த மனுஷன் இவர்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மறுத்ததில்லை.

அலுவலகத்துக்குப் புது அதிகாரியாக ஓர் இளம்பெண் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை வராந்தாவில் பெயின்ட் காயாத ஒரு பெரிய பலகை சுவரில் சாய்ந்திருந்தது. ‘மனிதக் கை படாத ஆதிக்காடு. அனுமதியின்றி நுழையக் கூடாது.’ பக்கத்து மேஜையில் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. அதில் காட்டின் எல்லையாகப் பச்சைக் கோடு ஒன்று மலையைச் சுற்றி வந்து, அடிவாரத்து நாற்பது வீடுகளையும் சேர்த்து விழுங்கியிருந்தது. அந்த நாற்பதில் ஒன்று அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு.

"உத்தரவு வந்துடுச்சா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல. அடுத்த மாசம் வருமாம்."

"உத்தரவு வரல, போர்டு மட்டும் வந்துடுச்சா?"

"மேடம் வேகமான ஆளுங்க."

அந்த வேகம்தான் டேப்புக்காரருக்கு உறுத்தியது. முந்தின வாரம் மேடத்தின் ஜீப்பில் கேமராவோடு இரண்டு பேர் வந்து இறங்கியதும் நினைவுக்கு வந்தது. மலை உச்சியில் நின்று, "என்ன ஒரு வியூ" என்று ஒருவன் சொன்னதைக் காதால் கேட்டவர் இவர். சரிதான், ஜனங்களைக் காலி பண்ணிவிட்டு ஹோட்டல் கட்டப்போகிறார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அதைவிட அவரைக் குடைந்தது ‘மனிதக் கை படாத’ என்ற வார்த்தை. வீட்டுக்குப் போனதும் பழைய நோட்டுகளைக் கூடத்தில் பரப்பி உட்கார்ந்தார். மலையின் கிழக்குச் சரிவு முழுக்க மகாகனி மரங்கள். பருமனில் ஒன்றுக்கொன்று விரலளவுதான் வித்தியாசம். மரத்துக்கு மரம் பன்னிரண்டடி இடைவெளி. நடுவில் ஒன்று விழுந்திருந்தால் இருபத்து நாலடி.

"தானா முளைச்ச காடு இப்படி வரிசையா நிக்குமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நம்ம வீட்டுச் செருப்பே வரிசையா நிக்க மாட்டேங்குது" என்றாள் அவள், நோட்டுகளைத் தாண்டிப் போய்க்கொண்டே.

மறுநாள் லீவு போட்டார். லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கே போனார். பின்கட்டில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் பதிவேட்டு அறை இருந்தது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டு துருப்பிடித்து, இழுத்ததும் கையோடு வந்தது. உள்ளே கரையான் தின்றது போக மிஞ்சியவற்றில், வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பதிவேடு ஒன்று கிடைத்தது. அவர்கள் மொழி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விரலை வைத்து வரி வரியாக ஊர்ந்தார்.

முதல் பக்கத்திலேயே, ‘மூன்று குன்றுகளிலும் பயனற்ற உள்ளூர் மரங்கள். வெட்டி எரிக்கப்பட்டன’ என்று இருந்தது. அதற்குப் பிறகு கப்பல் கப்பலாக வரவு. நாற்காலிக்கும் மேஜைக்கும் ஆகுமென்று வேறொரு தீவிலிருந்து மகாகனிக் கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் வந்தன. சதுப்பை வற்ற வைக்க யூகலிப்டஸ் வந்தது. துரையின் மனைவி பூச்சட்டியில் வைத்து அழகு பார்க்க உண்ணிச்செடி வந்தது. அந்த உண்ணிச்செடியின் முள்ளில்தான் டேப்புக்காரர் இருபத்தாறு வருடமாகக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. ‘கன்றுகள் நாலாயிரம். வழியில் பட்டுப்போனவை அறுநூறு. கூலிகள் இருநூற்றுப் பத்து. வழியில் இறந்தவை பதினெட்டு.’ அதே மையில், அதே கையெழுத்தில், அடுத்தடுத்த வரி. அந்த இருநூற்றுச் சொச்சத்தில் மிஞ்சியவர்களின் பிள்ளைகுட்டிகள்தான் அடிவாரத்து நாற்பது வீட்டுக்காரர்கள்.

கடைசியில் இன்னொன்று கண்ணில் பட்டது. ‘வடக்குப் பள்ளம்: மூன்று முறை நட்டும் பிடிக்கவில்லை. மண் தகுதியற்றது. கைவிடப்பட்டது.’

வடக்குப் பள்ளம் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓடை பாயும் இடம். மண் கறுப்பாக, பிசைந்த மாவு மாதிரி இருக்கும். ஓரத்தில் அக்கா போட்ட கீரைத்தண்டு கைத்தடி கனத்துக்கு வரும். அங்கே மகாகனி மூன்று முறை பிடிக்கவில்லையாம். பதிவேட்டில் எல்லாவற்றையும் நம்பியவர் அந்த ஒரு வரியை மட்டும் நம்பவில்லை.

யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பள்ளத்தில் தாம் ஒரு நாள்கூட இறங்கியதில்லை என்பது உறைத்தது. துறையின் படத்தில் அது ‘தரிசு’. அளக்க வேண்டியதில்லை. அக்கா வீட்டுக்குப் போகும்போது எட்டிப் பார்த்தால், "அந்தப் பக்கம் போகாத, ஒரே பாம்பு" என்று மச்சான் தடுத்துவிடுவார். ஆனால் அதே மச்சான் வாரம் ஒருமுறை மண்வெட்டியும் சாக்குமாக அங்கே இறங்குகிறார். ஏறும்போது சாக்கு புடைத்திருக்கிறது. அக்கா புருஷன் கள்ளமரம் வெட்டுகிறாரா? நான் வேலை பார்க்கும் காட்டிலேயா?

ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சான் இறங்கிக் கால்மணி நேரம் கழித்து இவரும் இறங்கினார்.

உள்ளே போனதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. கறுத்த பட்டையும் தோல்போல் தடித்த இலையுமாக, இவர் வாழ்நாளில் அளந்திராத மரங்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று மூன்று பேர் கட்டிப்பிடிக்கும் பருமன், பக்கத்தில் ஒன்று கைப்பிடி அளவு. காற்று அடித்தும் இலை சலசலக்கவில்லை. வேர்களுக்கிடையே வரிசையில்லாமல் கற்கள் நட்டிருந்தன. எந்தக் கல்லிலும் எழுத்து இல்லை.

மச்சான் முட்டிபோட்டு, தரையிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வேவு பாக்க வந்தியா?"

"சாக்குல என்ன மச்சான்?"

"நீயே பாத்துக்க. சொன்னா நம்பவா போற?"

சாக்கு நிறைய மகாகனிக் கன்று. விரல் நீளம், சாண் நீளம். சரிவிலிருந்து காற்றில் பறந்து வரும் விதைகள் முளைத்தவை.

"இதை எதுக்குப் பிடுங்குறீங்க?"

மச்சான் கையிலிருந்த மண்ணைத் துடைத்தார். அப்புறம், ஒவ்வொரு சொல்லாக எடை போட்டுப் பேசுகிறவர் மாதிரி சொன்னார்: "எங்க ஆளுங்களைப் புதைச்ச இடம் இது. கப்பல்லேந்து இறங்கின வருஷமே நிறையப் பேர் போய்ட்டாங்க. வேற எங்கயும் புதைக்க விடல. இதையும் வெட்டிட்டு நடச் சொன்னான் துரை. அவன் கண்ணெதிர்ல வெட்ட மாட்டோம்னு சொல்ல முடியுமா? ஓரத்துல கொஞ்சம் வெட்டி, நட்டுக் காட்டினாங்க. மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் கன்னு வேர்ல கொதிக்கிற தண்ணியை ஊத்தினாங்க. மூணு தடவை நட்டாங்க. மூணு தடவையும் ஊத்தினாங்க. மண்ணு சரியில்லன்னு எழுதிட்டுப் போய்ட்டான்."

"எழுதினதை நான் படிச்சேன்."

"அன்னிலேந்து வாரம் ஒரு வீடு முறை வச்சுப் பிடுங்குறோம். விட்டா ரெண்டு மழையில இதுவும் மகாகனிக் காடாயிடும்."

டேப்புக்காரர் மூட்டில் கையை வைத்துப் பக்கத்து வேரில் உட்கார்ந்தார். மச்சானைத் திருடன் என்று நினைத்த வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மூளை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்த மலையில் ஆதிக்காடு என்று ஏதாவது மிஞ்சியிருந்தால், அது இதுதான். இதைக் காப்பாற்றினவர்களைத்தான் ஆதிக்காட்டின் பெயரால் விரட்டப் போகிறார்கள்.

"இதை மேடத்துகிட்ட சொன்னா வீடுங்க தப்பிக்கும் மச்சான்."

"சொல்லாத. காகிதத்துல ஏறிட்டா அப்புறம் இது எங்களோடதில்ல. வெந்நீரை ஊத்தினவங்க வாயைத் திறக்கல, அதனாலதான் மிஞ்சிச்சு."

"வீடு போனா பள்ளத்தை யார் பாப்பாங்க?"

"உன்னை நம்பி இதுவரைக்கும் காட்டினேனா? இன்னிக்கும் நான் காட்டல. நீயா வந்து பாத்தே." மச்சான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் டேப்புக்காரர் பதிவேட்டின் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். மூன்றாம் நாள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார். ஹோட்டல் விவகாரத்தையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்றுதான் போனார்.

மேடம் பதிவேட்டை நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் படிச்ச புத்தகத்துல இந்த மலை ஆதிக்காடுன்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

"புத்தகத்தை எழுதினது யாருங்க மேடம்?"

அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நடவு முடிந்து நாற்பது வருடம் கழித்து, இதே துறைக்கு அதிகாரியாக வந்த வேறொரு துரை. அவன் வந்தபோது மரங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். யாரையும் கேட்டிருக்க மாட்டான்.

"அந்தக் கேமராக்காரங்க?" என்று இழுத்தார் டேப்புக்காரர்.

"தலைமை அலுவலகத்து சர்வே ஆளுங்க. ஏன்?"

"ஒண்ணுமில்லைங்க" என்று தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, பள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

பலகை வந்த வழியே திரும்பிப் போயிற்று. பச்சைக் கோடு நாற்பது வீடுகளை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. ஆனால் வடக்குப் பள்ளத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. வாசலுக்குப் பூட்டு வந்தது. சாவி தலைமை அலுவலகத்தில். உள்ளே போக வேண்டுமானால் விண்ணப்பம் எழுத வேண்டும். மேடம் மூன்று கடிதம் எழுதியும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தவிரப் பதில் இல்லை.

மச்சான் சண்டை போடவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். டேப்புக்காரர் போனால் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். அக்கா மட்டும் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீ நல்லதுக்குத்தான் சொன்னே தம்பி. ஆனா கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

முதல் மழை முடிந்த வாரம், அளவெடுக்க வந்தவர் வேலி ஓரமாக நின்று உள்ளே பார்த்தார். தரையெல்லாம் இளம்பச்சை. மகாகனிக் கன்றுகள் கற்களுக்கு மேலேயே முளைத்திருந்தன. விதிப்படி அது பாதுகாக்கப்பட்ட பகுதி. ஒரு புல்லைப் பிடுங்கினாலும் குற்றம். ஐம்பத்து மூன்று வயதில், கால்சட்டை கம்பியில் மாட்ட, வேலியேறிக் குதித்தார்.

ஒரு மணி நேரம் பிடுங்கியிருப்பார். முதுகுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே குரல் கேட்டது.

"அது இல்லடா. அது நம்ம மரத்துக் கன்னு. கையை எடு."

எட்டு மாதத்துக்குப் பிறகு மச்சான் பேசிய முதல் வார்த்தை. டேப்புக்காரர் கையை எடுத்தார்.

"இலையைத் தடவிப் பாரு. தடிமனா இருந்தா விட்டுடு. உங்க ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"உள்ள வந்து காட்டுங்க மச்சான்."

"நான் வரேன், நீ போய் புகார் எழுதிக் குடுக்கவா?"

சொல்லிக்கொண்டே மச்சான் வேலியின் கம்பியைக் காலால் அழுத்திப் பார்த்தார். தாங்கியது. இந்தப் பக்கம் இறங்கியவர், மைத்துனரிடமிருந்து நாலடி தள்ளி, அவர் முகத்தைப் பார்க்காமல் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

சாவி கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வேலியேறித்தான் போனார்கள்.