திருப்பிப் போட்ட கொடி

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

முப்பத்தொரு வருடமாகத் தாவர ஆய்வு நிலையத்தில் செடிகளை வரைகிறாள். அங்கே அவளுக்குப் பெயர் படக்காரம்மா. சருகாகி வந்த பூவை வெந்நீரில் போட்டு, விரிந்ததும் ஊசியால் இதழ் இதழாகப் பிரித்து வரைவாள். வெந்நீர் வைப்பது என் பால் பாத்திரத்தில். கேட்டால், “பூதானேடி, சாணியா?” என்பாள். இலை விளிம்பில் எத்தனை பல் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவாள். “ஒண்ணு கூடப் போட்டா என்ன குடிமுழுகிடும்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவளின் படத்தில்தான் அந்தப் புண்ணியவான்கள் கை வைத்தார்கள்.

காட்டோர ஊர்களுக்கு இலவசமாகக் கொடுக்க, தின்னத் தகுந்த காட்டுச் செடிகளைப் பற்றி நிலையம் ஒரு கையேடு போட்டது. அதில் ஒரு கிழங்குக் கொடி. அதே இலை, அதே கிழங்கோடு இன்னொரு கொடியும் காட்டில் உண்டு. அது விஷம், எவ்வளவு அவித்தாலும் போகாது. நல்லது கொம்பை வலப்பக்கமாகச் சுற்றி ஏறும், விஷக்கொடி இடப்பக்கமாக ஏறும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சுற்றைச் சரியாகப் பிடிக்க மூன்று நாள் வேலியோரம் கொசுக்கடியில் உட்கார்ந்து வரைந்தாள்.

அச்சாகி வந்த புத்தகத்தில் கொடி இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, “படத்தில் உள்ளபடி சுற்றுவதே உண்ணத் தகுந்தது” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பக்கம் அமைத்தவனிடம் ஓடினாள். “கொடி ஓரத்தப் பாத்து சாஞ்சிருந்துச்சும்மா. பார்வைக்கு நல்லா இல்ல, கண்ணாடில தெரியிற மாதிரி திருப்பிட்டேன். உங்க கையெழுத்தும் திரும்பிடுச்சு, அத மட்டும் அழிச்சிட்டேன்” என்றான். கையெழுத்து திரும்பியது கண்ணில் பட்டிருக்கிறது, கொடி திரும்பியது படவில்லை! கண்ணா அது, இல்லை புண்ணா?

நிலையத் தலைவர் அதற்கும் ஒரு படி மேல். “யாரும்மா இவ்வளவு உன்னிப்பா பாக்கப்போறாங்க? அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்.” திங்கட்கிழமை காலை லாரி வருகிறதாம். இரண்டாயிரம் பிரதிகள் பெட்டி பெட்டியாக நடையில் அடுக்கப்பட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு காட்டுப் பக்கம் போனவள் இருட்டித்தான் திரும்பினாள். திங்கள் காலை ஒரு பையை என் கையில் கொடுத்து, “கூட வா. வாய மட்டும் தெறக்காத” என்றாள்.

தலைவர் அறையில் புத்தகத்தை விரித்து வைத்து, பக்கத்தில் கொம்போடு வெட்டி வந்த ஒரு கொடியை வைத்தாள்.

“படமும் கொடியும் ஒண்ணா இருக்கா சார்?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அச்சு அசலா இருக்கும்மா. நல்லா வரைஞ்சிருக்கீங்க.”

பையிலிருந்து தட்டை எடுத்து அவர் முன் தள்ளினாள். அவித்து, தோலுரித்து, துண்டு போட்ட கிழங்கு. “இந்தக் கொடியோட கிழங்குதான் சார். சாப்பிடுங்க.”

சிரித்துக்கொண்டே துண்டை எடுக்கப்போனவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். “இது... எந்தக் கொடிம்மா?”

“உங்க புத்தகத்துல இருக்கிற கொடிதான் சார். கீழ என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க.”

தலைவர் படித்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “வெளையாடாதீங்கம்மா, மொதல்ல இத எடுங்க.”

என்னால் வாயை அடக்க முடியவில்லை. “ஏன் சார், உங்க உசுரு மட்டும்தான் வெல்லமா?”

அவள் என்னை அதட்டவில்லை. தட்டை இன்னும் ஒரு விரற்கடை முன்னே நகர்த்தினாள். “லாரி கீழ நிக்குது சார்” என்றாள்.

தலைவர் போனை எடுத்தார். லாரியில் ஏற்றிய பெட்டிகளை இறக்கச் சொல்லி அவர் போனை வைக்கிறவரை அவள் அந்தத் தட்டின்மேலிருந்து கையை எடுக்கவில்லை.