மாப்பிள்ளைக்குச் சுத்தமான காட்டன்

தீபாவளியன்று காலை வத்தல்மலை உச்சியில், ஒரு டீக்கடை வாசலில், என் புது மாப்பிள்ளை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு நின்றார். கிளாஸில் இருந்ததைவிடக் கையில் வழிந்த டீதான் அதிகம்.

அவருக்கு அது தலைதீபாவளி. அந்தக் கதிக்கு அவரை ஆளாக்கியது யார்? வேறு யார்... நான்தான்!

எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்த கதையை இந்தப் பத்தியில் பலமுறை சொல்லிவிட்டேன். டாக்டர் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பது போரடித்தது. தடிமனான டயர் வைத்த கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, தர்மபுரியைச் சுற்றியுள்ள மண் ரோடு, ஏரிக்கரை எல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை அருணும் அதே கட்சி. ஓசூரில் வேலை, ஞாயிறானால் சைக்கிளோடு காடுமேடு. மகள் நித்யா அவரைப் பற்றி முதல்முதலாகச் சொன்னபோது, ஜாதகத்தில் எனக்கு ஒரே ஒரு பொருத்தம்தான் தெரிந்தது.

ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு?

“சாப்ட்டீங்களா மாப்ள?”

“சாப்ட்டேங்க மாமா.”

“வர்ற வழியில ரோடு எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்க மாமா.”

அவ்வளவுதான். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். நான் உட்காரும்வரை உட்கார மாட்டார். மரியாதை நல்லதுதான்... அதற்காக என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி எத்தனை நாள் இருப்பது? இந்தப் பையன் ஒரே ஒரு தடவையாவது என்னிடம் சகஜமாகப் பேச வேண்டும் — எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காகத் தீட்டிய திட்டம்தான் வத்தல்மலை சவாரி.

பட்டு வேட்டி, சட்டை எல்லாம் என் மனைவி செல்வியின் இலாகா. சவாரிக்கான துணியை நான் எடுப்பதாகச் சொன்னேன். நித்யா போனில் எச்சரித்தாள். “அப்பா, மழைக்காலம். மெல்லிசா பாலியஸ்டர்ல எடுங்க. காட்டன் வேண்டவே வேண்டாம்பா.”

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்குப் பாலியஸ்டரா?

நம் சொந்தக்காரர்களை உங்களுக்குத் தெரியாதா? யார் புதுத்துணி போட்டு வந்தாலும் “நல்லாருக்கே” என்று சொல்வதற்கு முன்பே சட்டை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிற கூட்டம் அல்லவா! ‘பொண்ணைக் கொடுத்தவன் பாலியஸ்டரைக் கொடுத்தான்’ என்ற பேர் எனக்குத் தேவையா? கடையிலேயே கனமான, தொப்பி வைத்த, நூறு சதவீதக் காட்டன் ஹூடி ஒன்றைத் தேடி எடுத்தேன். கடைக்காரர் தூக்கிக் கொடுத்தபோதே கை இறங்கியது. தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன்.

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. செல்வி ஹூடியின் கழுத்தோரம் மஞ்சள் வைத்து நீட்டினாள். மாப்பிள்ளை வாங்கினார். ஒரு கணம் அதையே பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்குங்க மாமா” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் தன்னுடைய மழை ஜாக்கெட்டை அதற்கு மேலே மாட்டப் பார்த்தார். கை பாதிதான் போயிற்று. மறுபடி முயன்றார், முடியவில்லை. சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு கனமான துணி இருக்கும்போது காகிதம் மாதிரி ஒரு ஜாக்கெட் எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். அட, என் புத்தியே!

நான் என்ன போட்டேன் என்று கேட்கிறீர்களா? நல்ல துணியை யாராவது சேற்றில் நாசமாக்குவார்களா? கபடிப் போட்டிக்கு நன்கொடை கொடுத்தால் பையன்கள் ஆண்டுதோறும் ஒரு டி-ஷர்ட் கொடுப்பார்கள் — கிளிப்பச்சை நிறம், முதுகில் உரக்கடை விளம்பரம், முழுக்கப் பாலியஸ்டர். அதில் ஒன்றை மாட்டி, மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட். மாற்றுக்கு இன்னொரு கிளிப்பச்சை, பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள்.

வாசலில் செல்வி வழிமறித்தாள். “ஏங்க, எண்ணெ தேச்சுக் குளிச்ச ஒடம்போட மழையில போறதே தப்பு. மத்தியானம் சம்பந்தி வூட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு வர்றாங்க. மாப்ளய புதுத்துணியோட கூட்டிட்டுப் போறீங்க... புதுத்துணியோடவே கொண்டாந்து வுடணும். சொல்லிட்டேன்.”

சரி சரி என்று கிளம்பிவிட்டோம். அடிவாரத்தில் காரை நிறுத்தி, சைக்கிள்களை இறக்கி மிதிக்க ஆரம்பித்தோம்.

மலை ஏறும்போது ஒரு விஷயம். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் உடம்பு அடுப்பாகிவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியான உடை. முதல் வளைவிலேயே மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. நடுவழியில் சாரல் பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து வியர்வை, வெளியேயிருந்து மழை — இரண்டையும் அந்தக் காட்டன் ஒரு சொட்டு விடாமல் குடித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் என்னை முந்திக்கொண்டு பறப்பார் என்று நினைத்த ஆள், ஈரத்துணி மூட்டையைச் சுமப்பவர் போலப் பின்னால் வந்தார். மாமனாரை முந்தக்கூடாதென்று மரியாதையாக வருகிறாராக்கும் என்று எனக்கு அப்போதும் பெருமைதான்!

உச்சியில் பனிமூட்டம். காற்று. மிதிப்பதை நிறுத்தியதும் நடுக்கம் ஆரம்பித்தது. என் டி-ஷர்ட் உதறினால் காய்ந்துவிடும் நிலையில் இருந்தது. அவருடைய ஹூடியின் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. டீக்கடை அம்மா அவரைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

“போலாங்க மாமா. அத்தை வெரசா வரச் சொன்னாங்க” என்றார் மாப்பிள்ளை, பற்கள் தந்தியடிக்க.

“மாப்ள, அந்தக் கைய மடக்குங்க பாக்கலாம்.”

விரல்கள் பாதிதான் மடங்கின. ஏறும்போது கால் போதும். இறங்கும்போது உயிர் பிரேக் பிடிக்கிற இரண்டு விரல்களில்தான் இருக்கிறது. ஈர ரோடு, ஒரு பக்கம் பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு. கீழே என் மகள் காத்திருக்கிறாள். நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

“மழைக்குக் காட்டன் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுந்தானே? காலைலயே சொல்லியிருக்கலாமே மாப்ள?”

அவர் தரையைப் பார்த்தார். “ஆசையா எடுத்துக் குடுத்தீங்க மாமா... எப்படி வேண்டாம்னு சொல்றது?”

பையைத் திறந்து கிளிப்பச்சையை எடுத்தேன்.

“இதப் போட்டுக்கங்க.”

“ஐயோ, வேண்டாங்க மாமா. அத்தை புதுத்துணியோட...”

“அத்தைய நான் பாத்துக்கறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து நான் பேசிய வீறாப்புகளிலேயே பெரியது இதுதான்.

“உள்ள வந்து அடுப்பாண்ட நின்னு மாத்திக்க சாமி. இப்படி நடுங்கிறியே” என்று டீக்கடை அம்மா வழிவிட்டார். சிறிது நேரத்தில் மாப்பிள்ளை உரக்கடை விளம்பரத்தோடு வெளியே வந்தார். மேலே அவருடைய அந்தக் காகித ஜாக்கெட் இப்போது கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொரு டீ. அடுப்பில் கை காட்டல். உதட்டில் ரத்தம் திரும்பியது. விரல்கள் முழுதாக மடங்கும்வரை நான் அவரைச் சைக்கிளைத் தொடவே விடவில்லை.

கிளம்பும்போது சொன்னார். “மாமா, ஒண்ணு சொல்லட்டுங்களா? இனிமே சைக்கிள் துணி எடுக்கறதுன்னா என்னைக் கேட்டுட்டு எடுங்க. நீங்க சூப்பரா ஓட்டறீங்க. ஆனா துணி எடுக்கறதுல... சுத்தம்!”

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். இறங்கும் வழியெல்லாம் பேச்சுதான். வளைவில் எங்கே பிரேக்கை விட வேண்டும், மழையில் டயரில் காற்று எவ்வளவு குறைக்க வேண்டும்... வாய் ஓயவில்லை. அடிவாரம் இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது?

வீட்டு வாசலில் கார் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. சம்பந்தி வீட்டார் வந்துவிட்டிருந்தார்கள். முன்னறையில் எல்லோரும். கிளிப்பச்சையில், உரக்கடை விளம்பரத்தோடு, தலைதீபாவளி மாப்பிள்ளை உள்ளே நுழைகிறார்.

சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பத்தியில் இடம் இல்லை.

“அது வந்து... மேல ரொம்பக் குளிரு...” என்று ஆரம்பித்தேன். என் பேச்சு எடுபடவில்லை.

“அத்தை, மாமா மேல தப்பில்லீங்க” என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார். “என்னோடது நனைஞ்சு கை வெறச்சுப்போச்சு. மாத்துத்துணிய மாமாதான் குடுத்தாரு. இல்லாட்டி பிரேக்கே புடிச்சிருக்க முடியாது.”

செல்வி விறுவிறுவென்று உள்ளே போனாள். போச்சுடா என்று நினைத்தேன். மஞ்சள் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். கிளிப்பச்சை டி-ஷர்ட்டின் கழுத்தோரம், பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தாள்.

“இப்ப இது புதுத்துணிதான். வாங்க மாப்ள, எலயில சோறு ஆறிப்போவுது.”

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை அந்த டி-ஷர்ட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஹூடியை மட்டும் கொண்டுபோக முடியவில்லை.

அது இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது... சுத்தமான காட்டன் அல்லவா!