இரண்டு மீட்டர் கூடுதலான தென்னைகள்

போன வாரம் தேனி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவர் தள்ளுவண்டியில் தென்னங்குருத்து விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று சீவிக் காகிதத்தில் வைத்துக் கொடுக்கிறார். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. குருத்துக்குப் பயந்து ஓடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சர்வே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு சின்ன விமான ஓடுதளம் வரப்போவதாகப் பேச்சு. எங்களுக்கு உயரம் அளக்கும் வேலை. விமானம் இறங்கி வரும் வழியைச் சாய்வான கூரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுதளத்தை நெருங்க நெருங்கக் கூரை தாழும். மரமோ தண்ணீர்த் தொட்டியோ மாதா கோயில் சிலுவையோ, அந்தக் கூரையை முட்டுவது எதுவானாலும் சிவப்பில் எழுத வேண்டும். கருவியின் மூன்று கால்களையும் ஊன்றி நின்றால் நான்தான் கலெக்டர் என்று எனக்கு நினைப்பு. அதற்காகவே ஒரு தொப்பி வேறு வாங்கியிருந்தேன்.

அந்தக் கூரைக்கு நேர் கீழே இருந்தது பிலோமினா அக்காவின் தோப்பு. அக்காவும் அவர் கணவர் சேசுராசு அண்ணனும் வாய்க்காலிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த தென்னைகள். போகிற நாளெல்லாம் அண்ணன் எனக்கு இளநீர் வெட்டித் தருவார். அதையும் குடித்துவிட்டுத்தான் அளந்தேன்.

"எம்புட்டு வருது தம்பி?" என்றார் அக்கா.

"ரெண்டு மீட்டர் கூடுதலா இருக்குக்கா."

"கொஞ்சம் கொறச்சு எழுதிப் போடேன். ஆரு ஏறிப் பாக்கப் போறா?"

பொய் உயரம் எழுதினால் என்றைக்காவது ஒரு விமானம் மோதும், அதில் உள்ளவர்களும் மனிதர்கள்தானே என்று அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் சரிதான். அதுதான் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

சில வாரங்களில் நோட்டீஸ் வந்தது. மரங்களை இரண்டு மீட்டர் கழிக்க வேண்டுமாம். அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேவிட்டார்.

"ஏப்பா, கழிச்சு விட இது என்ன வேம்பா, புளியா? தென்னைக்கு உசுரே உச்சியிலதான இருக்கு. அத வெட்டுனா மரமே போச்சு. ஒங்க ஆபீசுல இது ஒருத்தருக்கும் தெரியாதா?"

எனக்குத் தெரியும். விளக்கி ஒரு பக்கம் எழுதி மேலே அனுப்பினேன். 'கழிக்க' என்பதை அடித்து 'அகற்றுக' என்று திருத்தித் திருப்பி அனுப்பினார்கள். நான் எழுதிச் சாதித்தது அவ்வளவுதான்.

இரண்டு நாள் வெட்டினார்கள். ஒவ்வொரு மரம் விழும்போதும் காலுக்குக் கீழே நிலம் ஒரு தடவை குலுங்கியது. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அக்காதான் ஒரு தட்டில் குருத்து கொண்டுவந்தார்.

"தின்னு தம்பி. வீணாத்தான போகும்."

தின்றேன். அவ்வளவு இனிப்பு. இன்னொரு துண்டும் எடுத்தேன்.

அதற்கப்புறம் அண்ணன் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. வருஷம் முடிவதற்குள் இருவரும் திருப்பூரில் மகனோடு ஒற்றை அறைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு ஓடுதளத் திட்டத்தைக் கைவிட்டார்கள். இரண்டு பக்கமும் மலை, ஆடி மாதத்துக் கணவாய்க் காற்று, விமானத்துக்கு ஒத்துவராது என்று காரணம் சொன்னார்கள். மலை நேற்று முளைத்ததா? எங்கள் அறிக்கையில் மேகமலையும் சிவப்பில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தோம்.

மூன்றாம் வருஷம் அக்கா போன் செய்தார். அண்ணன் இறந்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அங்கன பிளேன் எறங்குதா தம்பி?"

"இல்லக்கா. வேணாம்னு விட்டுட்டாக."



"படுக்கையில கெடந்துக்கிட்டு அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. தெனமும் எறங்குதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

தோப்பு இருந்த இடம் முழுக்க இப்போது சீமைக்கருவேலம். அக்காவின் எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒருவர் எடுத்து, அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்கிறார்.