இரண்டு பேர் உட்காரும் தொட்டி

சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் தாணுமாலயன் நாற்பத்தோரு வருஷம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டினார். கடையில் ஸ்டூல் உண்டு. அது வாங்க வருகிறவர்களுக்கு. ராத்திரி வீடு வந்தால் அவர் உட்கார்ந்து சாப்பிடுவார், மனைவி சரஸ்வதியம்மாள் நின்று பரிமாறுவாள். பஸ்ஸில் அவள் முன்பக்கம், இவர் பின்பக்கம். கல்யாண வீட்டிலும் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மனைவிக்குப் பக்கத்தில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்ற ஆசை எழுபது வயதிலும் அவருக்குத் தீரவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் உமாசங்கர், பெற்றோரின் முட்டுவலிக்காக வீட்டுக் குளியலறையில் ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்தான். இரண்டு பேர் உட்காரலாம். அன்றைக்குக் கிழவருக்கு வந்த சந்தோஷத்துக்கும் முட்டுவலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் சரஸ்வதியம்மாளிடம் பாச்சா பலிக்குமா? எண்ணெய்க் குளியலுக்கு எந்த நாளோ அதுதான் இதற்கும் என்றுவிட்டாள். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, தலைசுற்றும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று மருமகள் அஸ்வதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் ஒருவர் வெந்நீரில் கிடக்க, மற்றவர் தொட்டிக்கு வெளியே ஸ்டூலில் காவல். மூன்று மாதத்தில் இருவருக்கும் வலி குறைந்தது. படுத்ததும் தூக்கம் வந்தது. மாடிப்படிகூட ஏறினார்கள். கழுத்துவரை சூட்டில் கிடந்துகொண்டு, எட்ட உட்கார்ந்து உள்ளி உரிக்கும் மனைவியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் தாணுமாலயன். பக்கத்து இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

ஒரு புதன்கிழமை முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் பிள்ளைகள் ஆபீஸ் போனபிறகு தண்ணீரைச் சூடாக்கி இறங்கினார்.

“ஏட்டி சரசு, இன்னிக்கு வியாழன். உனக்க நாளும் இல்ல, எனக்க நாளும் இல்ல. வாயேன்.”

“நல்ல கூத்து! பேரன் எடுக்குற வயசுலயா?”

உள்ளித் தட்டோடு எழுந்து போய்விட்டாள். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று அவருக்கு ஆகிவிட்டது. இனிக் காவலுக்கும் வரமாட்டாள்.

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“அங்கோட்டு நீங்குங்கோ.”

சுவரைப் பார்த்தபடியே இறங்கி உட்கார்ந்தாள். தோளில் தோள் பட்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

செல்போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது. பதினைந்து நிமிடம் அதற்குள் முடிந்துவிட்டதா? இனி அடுத்த வியாழன்தானே என்று மனசே இல்லாமல் எழப்போனார்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் அவள், அப்போதும் சுவரைப் பார்த்தபடி. “ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வீட்டுல இருக்கும். திங்கக்கிழமை யாருக்க நாளும் இல்லதானே? மூணு மாசமா நீங்க கேப்பியளான்னு பாத்துட்டிருந்தேன்.”